துணைக்குரல்

முத்து நிலையத்தில் இருந்த பெண் என் பெயரைத் திரும்பவும் அடித்துப் பார்த்தாள். பிறகு, "நீங்க இல்ல சார்" என்றாள்.

நான் வினோலியாவின் கணவன் என்றேன். இறப்புச் சான்றிதழ் அவள் கைக்குக் கீழேதான் இருந்தது.

"கணவர்தான் சார், நான் இல்லங்கல. துணைக்குரல் நீங்க இல்ல. வேற ஆள் இருக்காரு."

யார் என்று கேட்டேன். பாலகணேசன் என்றாள். மெலடி மொபைல்ஸ், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

வினோ இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பைபாஸில் ஓர் உப்பு லாரி, அவள் வந்த ஷேர் ஆட்டோ. அந்த மூன்று வாரமும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோது கையில் மண் இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அன்று அந்தப் பெண் ஓர் ஆணின் பெயரைச் சொன்னபோதுதான் முதன்முதலில் உள்ளே ஏதோ சுட்டது.

வெளியூரில் இருப்பவர்களுக்காக முத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் ஆரம்பித்த நாணயம் அது. தாளும் இல்லை, உலோகமும் இல்லை, வங்கியும் இல்லை. ஆளுக்கொரு பெட்டி. பெட்டி என்றால் போனுக்குள் இருப்பது. அதைத் திறக்கக் கடவுச்சொல் வைத்தார்கள், திருடு போனது. கைரேகை வைத்தார்கள், அதுவும் போனது. கடைசியில் மெட்டு வைத்தார்கள். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு, தன் குரலில் முணுமுணுக்க வேண்டும். ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் எந்தப் பாட்டின் சாயலும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் இயந்திரம் ஏற்காது.

ஊரே மெட்டுப் போட்டது. மீன் ஏலம் விடுகிறவர், கணக்கு வாத்தியார், என் மேலாளர், எல்லாரும். "மெட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று குளியலறைப் பக்கம் கை காட்டுவார்கள். உடனே மற்றவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அதுதான் மரியாதை. எங்கள் அடுக்ககத்தில் காலை ஏழு மணிக்கு மாடிப்படியில் பாதிக் குடும்பங்கள் நிற்கும். "என்ன அண்ணாச்சி, உள்ள பூட்டா, தொறப்பா?" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்பார். இது அவருடைய ஒரே நகைச்சுவை. தினமும் சொல்வார்.

வினோ மெட்டுக்குப் போகும்போது நானும் படிக்கு வந்துவிடுவேன். ஒரு நாள்கூடக் காதைக் கொடுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

பிறகு குரலைப் போலி செய்யும் இயந்திரங்கள் மலிவாக வந்தன. ஒருவர் பேசிய பத்து வாக்கியம் கிடைத்தால் போதும். ஊர் பயந்துவிட்டது. குரல் செய்தி அனுப்புவதை நிறுத்தினோம். பழையவற்றை அழித்தோம். கோயிலில் பாடகர் குழு பாதியானது, பிறகு கீபோர்டு மட்டும் மிஞ்சியது. எங்கள் திருமண வீடியோவின் ஒலியை நானே நீக்கினேன். அதில் வினோ "சம்மதிக்கிறேன்" என்று வாயசைக்கிறாள். என்னிடம் அவள் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. பெட்டியில்.

பெட்டிக்காரர் இறந்தால் திறப்பதற்கென்று துணைக்குரல் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். மெட்டு முழுவதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, வருடம் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து பாடிப் புதுப்பிக்க வேண்டும். பெட்டிக்காரர் இறந்துவிட்டால், துணைக்குரல் நிலையத்தில் உள்ள கண்ணாடி அறைக்குள் தனியாகப் போவார். இயந்திரம் இறந்தவரின் குரலில் முதல் பாதியைப் பாடும். இவர் மறு பாதியைப் பாடி முடிக்க வேண்டும். பெட்டி திறக்கும். குரல் அழியும். ஒரு வருடத்துக்குள் யாரும் திறக்காவிட்டால் பெட்டியும் குரலும் சேர்ந்தே அழியும்.

துணைக்குரலை வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். கடலுக்குப் போகும் ஊர். ஒரே படகில் அண்ணனும் தம்பியும் போவார்கள், ஒரே பைக்கில் கணவனும் மனைவியும் போவார்கள். எனக்கு அந்த வழக்கம் கேலியாகப் பட்டது. நான் வினோவைத்தான் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு என் மெட்டை அவளுக்குப் பாடிக் காட்டினேன். அவள் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "இதத் திருடணும்னு யாருக்கும் தோணாது" என்றாள். அவளும் என்னைத்தான் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் எனக்கு எதுவும் பாடிக் காட்டவில்லை. எப்போதாவது நேரம் கிடைக்கும்போது பாடுவாள் என்று விட்டுவிட்டேன்.

ஆக, வினோவின் குரலைக் கேட்கும் உரிமை உலகத்தில் ஒருவனுக்கு இருந்தது. ஒரே ஒரு முறை. அந்த ஒருவன் நான் இல்லை.

மெலடி மொபைல்ஸ் எனக்குத் தெரிந்த கடைதான். உள்ளே போனதில்லை. வினோ போவாள், நான் வெளியே வண்டியில் இருப்பேன். ஊரே மின்சார வண்டிக்கு மாறிய பிறகும் நான் பழைய பெட்ரோல் வண்டியை விடவில்லை. அதன் ஹாரன் உப்புக் காற்றில் துருப்பிடித்து வாத்து மாதிரிக் கத்தும். மெக்கானிக் மாற்றிவிடலாம் என்றபோது வினோ வேண்டாம் என்றாள். சிக்கனம் என்று நினைத்தேன். அவள் கடையில் நேரமாக்கினால் இரண்டு முறை அடிப்பேன். போனுக்குக் கண்ணாடி ஒட்டத்தான் போகிறாள் என்று நம்பியிருந்தேன்.

கணேசனுக்கு என் வயது இருக்கும். தலையில் முடி அடர்த்தியாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அடக்கத்துக்கு வந்திருந்தேன் சார். பின்னால நின்னேன்."

வினோவை எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிளஸ் டூ டியூஷனில் ஒன்றாகப் படித்தார்களாம். இவன் ஃபெயில். அவள் கல்லூரிக்குப் போனாள், இவன் கடை போட்டான். அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை. அவள் தன் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வருவாள். கேட்ட பாட்டோடு, கேட்காத பாட்டும் இரண்டு மூன்று சேர்த்து ஏற்றிவிடுவானாம்.

"எல்லாருக்குமா?"

"அவளுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "சும்மா சார். அவ ஒருத்திதான் மறுநாள் வந்து எது நல்லாருக்கு, எது குப்பைன்னு சொல்லுவா."

'அவ' என்றான். நான் அவளைக் கட்டிக்கொண்ட முதல் மாதம் 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சின்னக் கடையில் ஒரு பக்கச் சுவரில் இப்போதும் பழைய எழுத்து இருந்தது: பாட்டு ஏற்றித் தரப்படும். மறு பக்கம் புதிய பலகை: முத்து பெட்டி திறந்து தரப்படும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில் தொடங்கி இதில் வந்து நிற்கிறாயா என்று கேட்டேன். குத்தத்தான் கேட்டேன். அவன் அதை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டான்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் சார் பரவிச்சு. பாட்டு கார்டுல வந்தப்ப கேசட் கடைக்காரங்கல்லாம் சிரிச்சாங்க. திருட்டுன்னாங்க. நெலைக்காதுன்னாங்க. ஒரு டிரைவர் ஏத்திட்டுப் போயி பஸ்ல போட்டான். பஸ்ல கேட்டவன் மறுநாள் கடைக்கு வந்தான். முத்தும் அப்டித்தான். கப்பல்காரன் வாங்கிட்டு வந்தான். அவன் பொண்டாட்டி மீன் கடையில போன நீட்டுனா. மீன்காரி மொறைச்சா, மறுவாரம் எங்கிட்ட வந்து எனக்கும் ஒரு பெட்டி போடுன்னா. கம்பெனி விளம்பரத்துக்கு யாரு வந்தா? பக்கத்து வீட்டுக்காரன் வச்சிருக்கானேன்னுதான் எல்லாரும் வந்தாங்க."

"பொறாமையில்."

"அதேதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு சார். பாட்ட நான் உங்களுக்குக் குடுத்தா, ரெண்டு பேருட்டயும் இருக்கும். முத்தக் குடுத்தா ஒருத்தர்ட்டதான் இருக்கும். காப்பி எடுக்க முடியாதுங்கதுதான் அதுக்கு மதிப்பே. பாட்டு வந்தப்ப இந்தத் தெருவே சத்தமா கெடந்துச்சு. முத்து வந்த பெறகு பாருங்க, ஒருத்தன் சீட்டி அடிக்கானா?"

நான் அவன் பேச்சை இடைமறித்தேன். மெட்டை எனக்குச் சொல்லிக்கொடு, நான் போய்த் திறக்கிறேன் என்றேன். அவன் தலையாட்டினான். துணைக்குரல் மூன்றாம் ஆளுக்குப் பாடிக் காட்டினால் பெட்டி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"கணவருங்கிற முறையில உங்க சம்மதம் வேணும் சார். அத நிலையத்துல குடுத்துருங்க. நான் தொறந்துருதேன். பெறகு ஒக்காந்து பேசுவோம்."

"இப்போதே பேசு."

"இப்ப பேச முடியாது."

"உன்னை ஏன் வைத்தாள்?"

அவன் மேசையிலிருந்த ஒரு சிறிய திருப்புளியை எடுத்து மறுபடியும் வைத்தான். "அதயும் பெறகு சொல்லுதேன்" என்றான்.

நான் சம்மதம் கொடுக்கவில்லை.

அந்த வருடம் நான் செய்தது அது ஒன்றுதான். காலையில் எழுவேன். துறைமுகத்தில் எந்தச் சரக்குப் பெட்டகம் எந்த வரிசையில் என்று திரையில் நகர்த்துவேன். மாலையில் மெலடி மொபைல்ஸுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து கணேசனைப் பார்ப்பேன். கல்யாணமானவன். அவன் மனைவி சில நாள் டிபன் கொண்டுவருவாள், பேசிக்கொண்டே அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவன் வாடிக்கையாளர்களோடு சிரிக்கும்போதெல்லாம், வருடத்துக்கு ஒரு நாள் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு வினோ பாட, அவன் கூடப் பாடியிருப்பான் என்று தோன்றும். நான் வெளியே வண்டியில் இருந்திருப்பேன். எத்தனை வருடம் என்று கணக்குப் பார்ப்பேன், பாதியில் விட்டுவிடுவேன்.

என் கணக்கு எளிமையானது. அவள் குரல் எனக்கு இல்லை என்றால் அவனுக்கும் இல்லை. வருடம் முடிந்தால் அழிந்துவிடும். அழியட்டும். அப்போது இருவரும் சமம்.

கணேசன் மூன்று முறை வீட்டுக்கு வந்தான். இரண்டு முறை நான் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை படியில் வைத்தே பிடித்துக்கொண்டான். தன் பெட்டியில் இருக்கும் முத்தெல்லாம் அம்மாவுக்கு என்று வினோ எழுதியிருக்கிறாள், அந்த அம்மாவுக்காகவாவது சம்மதம் கொடுங்கள் என்றான். எங்கள் அத்தையைப் பற்றி நீ பேசாதே என்றேன். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன அண்ணாச்சி, பூட்டா, தொறப்பா?" என்றார். கணேசன் படியிறங்கிப் போனான்.

முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை, தேதிக்குச் சில நாள் முன்னதாகவே, அத்தையின் ஊரான நாசரேத்தில் நடந்தது. பாட்டு இல்லை. போதகர் மெதுவாக ஜெபித்தார். பிறகு வீட்டில் அத்தை எனக்குச் சாப்பாடு போட்டார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்கள்.

"மருமவனே, பொட்டியத் தொறந்தீங்களே, அவ கொரலு கேட்டுச்சா?"

நான்தான் துணைக்குரல் என்று அத்தையும் நினைத்திருந்தார்கள். எப்போதோ திறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தார்கள். உள்ளே இருந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. அதை நானே வைத்துக்கொண்டேன் என்றுகூட எண்ணியிருக்கலாம். கேட்டது குரலை மட்டும்.

"எப்டி இருந்துச்சு? எனக்கு மறந்து மறந்து போவுது. நேத்து அவ பேசுத மாதிரி நெனச்சுப் பாத்தேன், எந்தங்கச்சி கொரலுல வருது."

கேட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் இல்லை என்றேன். அத்தை, சரி, சோறு போடட்டுமா என்றார்கள்.

திரும்பும் வழியில், குரும்பூர் தாண்டி ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, போனிலேயே சம்மதம் கொடுத்தேன். கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை.

கண்ணாடி அறை நிலையத்தின் நடுவில் இருக்கிறது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக். சத்தம் வெளியே வராது. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் கண்ணாடி. இறந்தவரின் பெட்டியை யார் திறந்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

கணேசன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். தலை வாரியிருந்தான். எதற்கு என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பெண், "உக்காருங்க சார்" என்றாள். நான் உட்காரவில்லை.

அவன் ஹெட்ஃபோனை மாட்டினான். கண்ணை மூடினான்.

வினோ பாடத் தொடங்கியது அவன் முகத்தில் தெரிந்தது. புருவம் உயர்ந்தது. தலை கொஞ்சம் சாய்ந்தது. என் மனைவி ஒரு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்திருக்கிறாள், எனக்கு இரண்டடி தூரத்தில், அவன் காதுக்குள். நான் கண்ணாடியில் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

பிறகு அவன் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே மைக்கின் பக்கம் குனிந்தான். உதட்டைக் குவித்தான். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை. முத்தம் கொடுப்பது போல.

அதற்குப் பிறகு அவன் வாய் மூடியிருந்தது, தொண்டை அசைந்தது, மறு பாதியை முணுமுணுத்திருப்பான். நான் அதைப் பார்க்கவில்லை. அந்தக் குவிந்த உதட்டிலேயே நின்றுவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண், "தொறந்துருச்சு சார்" என்றாள். குரல் அழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அவன் வெளியே வந்ததும் சட்டையைப் பிடித்தேன். முப்பத்துநாலு வயதில் முதன்முறையாக ஒருவன் சட்டையைப் பிடிக்கிறேன். பிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"வெளிய வாங்க சார்" என்றான். கையை விலக்கவில்லை. என்னை அப்படியே நடத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வெளியே வெயில். அவன் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தான். பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினான். விரல் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு.

"முதல் தடவ அவ சொல்லிக் குடுத்தப்ப எடுத்தது சார். அவட்டச் சொல்லல. எனக்குப் பாட்டு ஞாபகம் நிக்காது. அவ நம்பிக் குடுக்குதா, நான் மறந்துட்டா? பாட்டுக் கடைக்காரன் புத்தி, காப்பி எடுக்காம இருக்க முடியல."

மெட்டைப் பதிவு செய்தது தெரிந்திருந்தால் அன்றே பெட்டி பூட்டிக்கொண்டிருக்கும். இவன் கடையையும் மூடியிருப்பார்கள். பெட்டி திறந்த பிறகு அது செத்த மெட்டு. எந்தச் சட்டமும் இல்லை. அதனால்தான் 'பெறகு' என்றிருக்கிறான். நான் முதல் மாதமே சம்மதம் கொடுத்திருந்தால் முதல் மாதமே என் கைக்கு வந்திருக்கும்.

"இதைக் கேட்டிருக்கிறாயா?"

"வருசத்துக்கு ஒரு தடவ. அவ வாரதுக்கு முந்துன நாளு. பரீச்சைக்குப் படிக்க மாதிரி."

"வேறு காப்பி இருக்கிறதா?"

"இல்ல."

நான் அவனையே பார்த்தேன்.

"முத்துன்னா மிசினு சொல்லிரும் சார், ஒண்ணுதான் இருக்குன்னு. பாட்டுல அப்டி ஒரு மிசினு கெடையாது. நான் இல்லன்னு சொல்லுதேன். நம்புனா நம்புங்க."

போனை என் கையில் வைத்தான். முத்தமிட்டதைப் பற்றிக் கேட்டேன். என்ன முத்தம் என்றான். உதட்டைக் குவித்துக் காட்டினேன், தெருவில் நின்றுகொண்டு. அவன் முகம் மாறியது. சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"கேளுங்க சார். வீட்ல போயி கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை கேட்கவில்லை. போன் மேசையில் இருந்தது. அந்தப் பதிவில் அவள் கூட அவனும் இருக்கிறான் என்பதால்தான். மதியம் எதிர் வீட்டுக்காரர்கள் மெட்டுக்கு என்று படிக்கு வந்த சத்தம் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு பட்டனை அழுத்தினேன்.

முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு வினோ.

"கணேசா, ஒழுங்காக் கேளு. ரெண்டு தடவதான் பாடுவேன்."

கொஞ்சம் கரகரப்பான குரல். அதை மறந்திருந்தேன். படங்களைப் பார்த்துப் பார்த்து மென்மையான ஒரு குரலை நானே அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

"பாடு."

"சிரிக்கப்படாது."

"பாடு தாயி."

முணுமுணுத்தாள். மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்றது. பிறகு உதட்டால் ஒரு சத்தம் செய்தாள். வாத்து மாதிரி. ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு முறை.

கணேசன் வெடித்துச் சிரித்தான். "இது என்னட்டி?"

"அவரு வண்டி ஹாரன். இத எவனும் எந்தப் பாட்டுலயும் போட்டிருக்க மாட்டான்லா. மிசினு பேசாம ஒத்துக்கிட்டு."

"அப்ப அவரையே துணைக்குரலா போட வேண்டியதுதான?"

"அவருக்குத் தெரிஞ்சா வெக்கப்பட்டு ஹாரன மாத்திருவாரு. எனக்கு மெட்டு போயிரும்." சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "அதோட, எங்க போனாலும் ரெண்டு பேரும் அந்த ஒரே வண்டியிலதான போறோம். ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் சேந்துதான ஆவும்."

அன்றைக்கு அவள் ஷேர் ஆட்டோவில் வந்தாள். எனக்கு வேலை இருந்தது.

மறுபடியும் பாடினாள். இந்த முறை கணேசனும் கூடப் பாடினான், சுதி சேராமல். ஹாரன் வந்த இடத்தில் இருவரும் உதட்டைக் குவித்திருப்பார்கள். பாட்டு முடிகிற நேரத்தில் வெளியிலிருந்து, தூரமாக, நிஜ ஹாரன் கேட்டது. இரண்டு முறை. நான்தான்.

"சொன்னேன்லா" என்றாள் வினோ. இருவரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

பல முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசிச் சிரிப்பில் எரிந்தது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள், நான் அங்கே இல்லை, வாசலில் இருக்கிறேன். அவள் என்னைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக என்னிடம் பேசியதில்லை. அதை அவன் கேட்டிருக்கிறான். வருடா வருடம் கேட்டிருக்கிறான்.

சாயங்காலம் ஆனபோது அத்தை ஞாபகம் வந்தது. போனில் கூப்பிட்டுப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். ஒரு முறை கேட்டால் அவர்களுக்குப் போதாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மெலடி மொபைல்ஸில் நிறுத்தினேன். முதன்முறையாக நானே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கணேசன் என் முகத்தைப் பார்த்தான். மெமரி கார்டை மேசையில் வைத்தேன்.

"ஒரு காப்பி வேண்டும்" என்றேன். "அத்தைக்கு."

அவன் கார்டைத் துடைத்து, கணினியில் செருகப் போனான். பிறகு கையை நிறுத்தினான்.

"சார், இது நேரா இன்னொரு கார்டுக்குப் போவாது. முதல்ல இந்த சிஸ்டத்துல எறக்கித்தான் புது கார்டுல ஏத்தணும். ஏத்துன ஒடனே அழிச்சிருதேன். இங்ஙனயே நின்னு பாத்துக்கிடுங்க."

நாற்காலி திரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒவ்வோர் அசைவும் தெரியும். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறியது. எதிரே டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். ஒரு சின்னப் பதிவு, அதைக் காப்பி எடுக்க இவ்வளவு நேரம் ஆகாது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது, அல்லது அந்தப் பதிவில் இருக்கும் மின்விசிறியாக இருக்கலாம். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரமாகிக்கொண்டிருந்தது. இரண்டு முறை ஹாரன் அடித்தேன்.